கடைமடை ரேடியேட்டர்

காவிரியில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதை ஜெர்மனியின் அடுக்குமாடிகளிலும் உண்டு. அங்கே அது அறைகளைச் சூடாக்கும் வெந்நீர். பம்புக்கு அருகிலுள்ள ரேடியேட்டர் வயிறு முட்டக் குடித்துவிட, மேல்மாடிக் கோடியில் இருப்பது குளிர்ந்து கிடக்கும். நம்மூரில் முறை வைத்துப் பாய்ச்சுவோம். அவர்களோ 2022 அக்டோபரில் ஓர் அரசாணையே போட்டார்கள்: எரிவாயுவில் சூடேறும், குறைந்தது 6 வீடுகள் கொண்ட குடியிருப்புகளில் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் நீரளவைக் கணக்கிட்டுப் பங்கிட வேண்டும். 'ஹைட்ராலிஷர் அப்கிளைஷ்' என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் உடம்பில் கொஞ்சம் சூடு பிறந்துவிடும்.

ரேடியேட்டரின் குமிழை 5-க்குத் திருகினால் போதாதா என்பார்கள். போதாது. 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி, 5 என்றால் 28. எண் சொல்வது எங்கே நிற்பது என்பதை, எவ்வளவு வேகம் என்பதை அல்ல. வராத தண்ணீருக்கு மடையை அகலத் திறந்து என்ன பயன்? மேற்பகுதி மட்டும் சில்லிட்டிருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். சின்னச் சாவியால் திறந்துவிட்டால் புஸ்ஸென்று போய்விடும். மேலே சூடாகவும் கீழே ஆறியும் இருப்பது பெரும்பாலும் பழுதே அல்ல, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வீடு திரும்புகிறது. அதற்கும் ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதுவோர் உண்டு. பங்கிடச் சொன்ன அந்த அரசாணையோ, 2024 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது.