ஸாஃபி

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய பகுதிக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடமே கைப்பேசி வரைபடம் கையை விரித்துவிட்டது. அங்கே சந்துகள் மட்டும் ஒன்பதாயிரம் என்கிறார்கள். 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம், கார் நுழையாது. பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று குரல் வந்தது. கீரைக்காரர் என்று நினைத்து நின்றேன். கீரை வரவில்லை, எரிவாயு உருளைகளைச் சுமந்த கழுதை வந்தது. 'வழி விடு' என்று அர்த்தமாம். விலாவில் இடி வாங்கியபின் மொழி சுலபமாகப் பிடிபடுகிறது.

தங்குமிடத்தின் வெளிச்சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தது. பணம் போச்சு என்றே நினைத்தேன். குனிந்து நுழைந்தால் உள்ளே நீரூற்று வைத்த முற்றம், கண்ணைப் பறிக்கும் ஓட்டுச் சில்லு வேலைப்பாடு. நம் செட்டிநாட்டு வீடுகள் வாசலிலேயே பெருமை பேசும். இது வெளியே வாயே திறப்பதில்லை.

வீட்டம்மா உடனே தேநீர் கொண்டுவந்தார். சீனத்துப் பச்சைத் தேயிலை, கைநிறையப் புதினா, அப்புறம் கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியைச் சின்னச் சுத்தியலால் உடைத்து உள்ளே போட்டார். எனக்கோ பத்து வருஷத்துச் சர்க்கரை நோய். முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைத்த ஒரே சொல்லைச் சொன்னேன்: "ஸாஃபி." போதும் என்று பொருள். அம்மா மலர்ந்த முகத்துடன் தேநீர்க் குடுவையை முழ உயரம் தூக்கி மறுபடி ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ். ரவை உப்புமாவுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் அமைந்தது போலிருந்தது: ஆவியில் வெந்த ரவைமேல் பூசணி, முள்ளங்கி, கொண்டைக்கடலை, அடியில் கறி. எல்லோருக்கும் ஒரே தாம்பாளம். அவரவர் முன்னாலிருப்பது அவரவர் எல்லை. நம் ஊரில் வரப்பைத் தள்ளி நிலத்தைப் பிடுங்குவார்கள். இங்கே வீட்டுக்காரர் கறியை என் பக்கம் தள்ளினார், மகன் பூசணியைத் தள்ளினான். "ஸாஃபி" என்றேன். அம்மாவும் தன் பங்குக்குத் தள்ளினார்.

புறப்படும்போது காகிதம் சுற்றிய முழுச் சர்க்கரைக் கூம்பு ஒன்றைக் கையில் திணித்தார்கள். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் அங்கே அதுதான் சீர். இரண்டு கிலோ இருக்கும்.

விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்த்த அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். "சர்க்கரை" என்றேன். "சுக்கர்?" என்றார். நெருங்கிய சொல்தான். நான் குற்றமற்றவன் என்று காட்டும் ஆவேசத்தில் மாத்திரைப் பட்டையையும் எடுத்து நீட்டினேன். மாத்திரையையும் கூம்பையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"ஸாஃபி."