உண்மை பேசும் பெட்டிகளின் காவலருக்கு

மான்ட்ரியலில் வீற்றிருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆபத்தான சரக்குக் குழுவினருக்கு,

லித்தியம் அயனி பேட்டரியை விமானத்தில் ஏற்ற நீங்கள் எழுதிவைத்திருப்பதில் குறை காண்பது கடினம். ஒவ்வொரு வகை பேட்டரியும் யூஎன் 38.3 சோதனைகளில் தேற வேண்டும். 72 டிகிரிச் சூட்டிலும் மைனஸ் 40 குளிரிலும் மாற்றி மாற்றி வைத்து, குலுக்கி, ஷார்ட் சர்க்யூட் செய்து பார்க்கிறார்கள். தீக்குளிக்கச் சொல்லாததுதான் பாக்கி. தனியாக அனுப்பினால் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2016 ஏப்ரல் முதல் அப்படித் தனியாக வரும் பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் சரக்காக இடமே இல்லை. சிறு பேட்டரிப் பெட்டியின் சிவப்புக் கரை ஸ்டிக்கரைக்கூட நீங்கள் மறக்கவில்லை: 120-க்கு 110 மில்லிமீட்டர் என்றீர்கள், பிறகு 100-க்கு 100 போதும் என்று இரங்கினீர்கள். இத்தனையும் பலிக்க ஒரே ஒரு நிபந்தனைதான். உள்ளே பேட்டரி இருக்கிறது என்று அனுப்புகிறவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கொலோனுக்குக் கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதில் 81,000-க்கும் மேல் லித்தியம் பேட்டரிகள் இருந்தன. குறைந்தது மூன்று சரக்குகளாவது 9ஆம் வகுப்பு ஆபத்துப் பொருளாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டியவை என்று அமீரக விசாரணை கண்டது. அறிவித்தவர் எவருமில்லை. அதன்பின் விதிகள் இறுகிவிட்டனவே என்பீர்கள். இறுகியது யாருக்கு? உண்மை சொன்னவருக்குத் தனிப் பெட்டி, தனிப் படிவம், கூடுதல் கட்டணம். ‘பொம்மை’ என்று எழுதியவருக்குச் சாதாரண பார்சல். பொய்க்கு இதைவிட நல்ல சலுகை கிடையாது.

அப்படியானால் விதியைத் தளர்த்தலாமா? கூடாது. ஒரு செல் கொதித்தால் பக்கத்துச் செல்லும் கொதிக்கும். சரக்கறையின் ஹேலான் வாயு சுவாலையை அடக்கலாம், அந்தச் சங்கிலியை அறுக்காது. பொய்யரைப் பிடிப்பது அந்தந்த நாட்டின் வேலை என்ற பதிலும் உங்களிடம் இருக்கும். அந்த நாடுகள் பின்பற்றும், ஆபத்தான சரக்கு பற்றிய இணைப்பு 18ஐ எழுதியது உங்கள் அமைப்புதானே? சரக்கை எக்ஸ்ரேயில் பார்க்கிறவர்கள் தேடுவது வெடிகுண்டை. பேட்டரி கண்ணில் பட்டால் அது தற்செயல்.

தொழில்நுட்ப வழிமுறைகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறீர்கள். அடுத்த பதிப்பில் ஸ்டிக்கரை அளப்பதைக் கொஞ்சம் நிறுத்தி, ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.