இட்லி மேல பழி போடாதே கண்ணு

ஏங்கண்ணு, இது எத்தனாவது தடவை? நீ எண்ணலைன்னாலும் நான் எண்ணிட்டுத்தான் இருக்கறேன். காத்தால பத்து மணியில இருந்து பொடக்காளிக் கதவு ஏழு தடவை சாத்தியாச்சு. கோயமுத்தூர்ல மாசாமாசம் பணங்கட்டி ஜிம்முல ஓடறியாமா. இங்க பாரு, ஓசியிலயே ஓடிட்ட.

ஓடறதக்கூடப் பொறுத்துக்கலாஞ் சாமி. ஓடற ஓட்டத்துல "அம்மாயி சுட்ட இட்லிதான் சேரலீங் அப்புச்சி"ன்னு ஒரு வார்த்தை வீசிட்டுப் போனே பாரு, அதத்தான் பொறுக்க முடியல. உங்கம்மாயி அடுப்படியில மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கறா. அம்பது வருசமா அந்த இட்லியத் தின்னுட்டு நான் உசுரோடதான உக்காந்திருக்கறேன்? சித்த கல்லு மாதிரி இருக்கும், ஒத்துக்கறேன். கல்லு பல்லத்தாங் கண்ணு ஒடைக்கும், வயித்தக் கலக்காது. மெதுவாப் பேசு, அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.

சரி, பஞ்சாயத்தக் கூட்டிருவோம். நேத்து ரவைக்கு என்ன தின்னே? "ஒரே ஒரு ஷவர்மாதானுங்"ன்னு இழுக்கறே. எத்தன மணிக்கு? ஒம்போது. மேல வெள்ளையாத் தடவுனானே, மயோனைசு, அது? ரெண்டு கரண்டி எச்சாக் கேட்டு வாங்குனியா, பலே! இட்லி காத்தால எட்டு மணிக்கு, ஆவி பறக்க எலையில உழுந்துது. அதே இட்லிய, அதே சட்டினியில நானும் நாலு தின்னேன். நான் திண்ணையில இருக்கறேன், நீ பொடக்காளியில இருக்கற.

இப்ப உன்றகூட ஷவர்மா தின்ன சிநேகிதனுக்குப் போனப் போடு. எடுக்கலியா? அவன் எங்க குந்தியிருப்பான்னு எனக்குத் தெரியும்.

வாந்தி பேதி வந்தா கடைசியாத் தின்னதப் புடிச்சு அடிக்கறதே பொழப்பாப் போச்சு உங்களுக்கு. சந்தையில முடிச்சவுத்தவன் பஸ்ஸேறிப் போயிருவான், பக்கத்துல நின்ன அப்பாவி ஒத வாங்குவான். சால்மோனெல்லான்னு ஒரு கிருமி, பச்ச முட்டையிலயும் அரவேக்காட்டுக் கோழியிலயும் குடியிருக்கும். தின்ன 6 மணி நேரத்துல இருந்து 3 நாளுக்குள்ள எப்ப வேணாலும் வேலையக் காட்டும். உன்றது 13 மணி நேரம். லேப்புல பாத்தாத்தான் உறுதின்னாலும், என்ற பஞ்சாயத்துல இட்லிக்கு விடுதலை.

வெடுக்குனு வர்ற கேசு வேற. சமைக்கறவன் கைப்புண்ணுல இருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் வரும். வடிச்ச சோத்த அண்டாவோட ஆறப்போட்டு வெச்சா பாசில்லஸ் சீரியஸ் பெருகும். இதுக தின்ற பண்டத்துலயே விசத்தக் கக்கி வெச்சிரும். பொறவு சுட வெச்சாலும் விசம் சாகாது. எப்படித் தெரியுங்கறியா? போன நோம்பிக்குக் கெடா வெட்டுன கொழம்பு ஒரு ராத்திரி வெளியவே கெடந்துது. கொட்டிப்போடறேன்னா உங்கம்மாயி. நாந்தான் மூக்குக்கிட்டக் கொண்டுபோயி மோந்து பாத்துட்டு, "சுண்ட வெச்சா நல்லாத்தான் இருக்கும்"னு சொன்னேன். மூணு மணி நேரங் கழிச்சு, நல்லா இருந்தது கொழம்பு மட்டுந்தான்.

சிரிச்சது போதும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லுல, 2023 செப்டம்பர்ல ஷவர்மா தின்ன 14 வயசுப் புள்ள ஒண்ணு செத்தே போச்சு. 40 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. 2025 ஏப்ரல் 8-ல இருந்து பச்ச முட்டை மயோனைசுக்கு ஒரு வருசம் தடையே போட்டுது கவர்மென்ட்டு. சமைச்சது 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கோணும், இல்லீன்னா 5 டிகிரிக்குக் கீழ குளுந்து கெடக்கோணும். நடுவால விட்டா கிருமிக்கு நீ வெக்கற கெடா விருந்து அது.

இந்தா, சொம்பப் புடி. ஓ.ஆர்.எஸ். கரைச்சது. தண்ணிதானன்னு எளப்பமாப் பாக்காதே. 1971-ல பங்களாதேஷ் சண்டையில ஓடியாந்த சனம் வங்காளத்துப் பன்காவ் முகாம்ல காலராவுல கொத்துக்கொத்தாச் செத்துது. ஏத்தறதுக்கு சலைன் பத்தல. திலீப் மஹலநாபிஸ்ங்கற டாக்டரு உப்பும் குளுக்கோஸும் கரைச்ச தண்ணியக் குடிக்கக் குடுத்தாரு. நூத்துக்கு 30 பேரு செத்துட்டிருந்த எடத்துல 4 பேருக்குள்ள கொறஞ்சுது.

பொட்டலம் இல்லீன்னா, காச்சி ஆறுன தண்ணி 1 லிட்டரு, தலை தட்டி 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புல தாராளங் காட்டிப்போடாதே. வாந்தி வந்தா பத்து நிமிசம் விட்டு, கரண்டி கரண்டியாக் குடி. கடகடன்னு குடிச்சா திரும்பி வந்துரும். அப்புறம் பேதிய அடைக்கற அந்த மாத்திரையக் கீழ வெய்யி. காச்சலோ ரத்தமோ இருக்கறப்ப அதத் தின்னா, சாக்கட வடியறப்ப மடையக் கட்டுன கதைதான்.

கழிச்சல்ல ரத்தம், 102-க்கு மேல காச்சல், குடிச்ச தண்ணி தங்காம வர்றது, ஆறேழு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாம இருக்கறது, எந்திரிச்சா கண்ணு இருட்டறது, இதுல ஒண்ணு வந்தாலும் அப்புச்சி வைத்தியம் முடிஞ்சுது, 108-தான். ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாலோ, நாக்குக் கொழறுனாலோ அரைமணி கூடத் தாமசிக்கப்படாது. கொழந்தைக, கர்ப்பிணிக, என்னாட்டக் கெழடுகளுக்கு இத்தன தூரங் காத்திருக்காம வெள்ளனவே டாக்டரப் பாக்கோணும்.

சித்த தெம்பு வந்ததும் அந்தக் கடையப் பத்தி உணவுப் பாதுகாப்பு வாட்ஸ்அப்புக்கு, 94440 42322, எழுதிப் போடு. இன்னொரு வீட்டுப் புள்ள தப்பிக்கும்.

பொழுது சாய ஓட்டம் நிக்கும். அப்ப அடுப்படிக்குப் போயி, "பசிக்குதுங் அம்மாயி, ரெண்டு இட்லி வெய்யுங்க"ன்னு நீயே கேளு. அவ மூஞ்சி தெளிஞ்சாத்தான் எனக்கு ரவைக்குச் சோறு. ரெண்டோட நிறுத்திக்க கண்ணு. மூணாவது தின்னு பல்லுப் போச்சுன்னா, அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரமாட்டேன்.