விவசாயி ஆவது எப்படி?

வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வருகிறீர்களா? நல்லது. நம்மாழ்வார் படம் போட்ட பனியனும் கருப்புக்கவுனி விதை கால் கிலோவும் வாங்கியிருப்பீர்கள். இனி நிலம்தான் பாக்கி.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் தேடாதீர்கள். கலெக்டர் ஆபீஸ் வந்தபிறகு இங்கே அமோகமாக முளைப்பது மனைக்கல். தண்ணீர் கேட்காது, காட்டுப்பன்றியும் தொடாது. கலசபாக்கம் பக்கம் தள்ளிப் போனாலும் புரோக்கர் சென்ட் கணக்கில்தான் பேசுவார். அந்த விலையை மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையால் வகுத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் மட்டும் வேண்டாம்.

அடுத்தது அரசு உதவி. பி.எம். கிசானில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் உண்டு. ஆனால் 1.2.2019-க்கு முன்பே நிலம் உங்கள் பேரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப்பின் காசு கொடுத்து வாங்கியவருக்குக் கிடையாது, வாரிசாக வந்தால் பரவாயில்லை. ஆகவே பிறக்கும்போதே நிலமுள்ள அப்பாவாகப் பார்த்துப் பிறக்கவும்.

குத்தகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், வாய்வார்த்தையில். குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் ஓனர் எழுதித் தரமாட்டார். கூட்டுறவு சங்கத்தில் தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. சிட்டா கேட்பார்கள். சிட்டா ஓனர் பேரில். நான் குத்தகைக்கு எடுத்த வருஷம் என் வீட்டில் வளையல் அடகுக்குப் போனது.

மின்சாரம்? 1990-லிருந்து விவசாயத்துக்கு இலவசம். இணைப்புக்கு வரிசையில் வருஷக்கணக்காக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவசரக்காரர்களுக்குத் தட்கல் உண்டு: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் கட்டினால் இலவச மின்சாரம்.

பயிர், மல்லாட்டையே வையுங்கள். நம்ம பக்கத்து மண்ணுக்கு அதுதான். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு. நாற்பதாம் நாளுக்குமேல் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். பூ வாடி விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம் அது. இறங்கினபிறகு களை பிடுங்கப் போனீர்களானால் காயைத்தான் பிடுங்குவீர்கள். நான் போனேன். ஒரு செடியைப் பிடுங்கி உதறினேன், வெள்ளை நூல் மாதிரி ஏழெட்டுத் தொங்கின, நுனியில் கடுகளவு வீக்கம். பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார்.

ஒன்பது மூட்டை கண்டது. வீட்டில் மல்லாட்டை, மார்க்கெட் கமிட்டிக்குப் போனால் அது மணிலா. வியாபாரி குவியலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார், நாலு காயை உடைத்தார், இரண்டு பொக்கு. சீட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். மொத்த மூட்டைக்கும் அந்த நாலு காய்தான் ஜாதகம். காய் ஆய்ந்த பெண்களுக்குக் கூலி, வண்டி வாடகை போக மிச்சமிருந்ததில் பனியன் இன்னொன்று வாங்கலாம்.

மனம் தளர வேண்டாம். வேங்கிக்காலில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துக்கு ஜவ்வாது மலையிலிருந்தெல்லாம் பஸ் மாறி வருகிறார்கள். நாம் நடந்தே போய்விடலாம்.

போனேன். வாசலில் மனு எழுதுகிறவர் பேர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, "தொழில்?" என்றார்.

"விவசாயம்."

பேனாவை நிறுத்தி, என் ஷூவைப் பார்த்தார். "அது இருக்கட்டும் சார். சம்பளம் எங்க வாங்கறீங்க?"