பழமை மாறாமல்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய வீட்டை வாங்கியவர் முதலில் சொல்வது: "பழமை மாறாமப் புதுப்பிக்கணும்." அடுத்து: "இந்தச் சுவரை எடுத்துடலாமா?"

எடுக்கலாம். அதன்மேல்தான் மெட்ராஸ் டெரஸ் கூரை உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் சிக்கல்: மரக்கட்டைகள், அவற்றின்மேல் மூலைவாட்டில் குத்துக்கல்லாக நிறுத்திய செங்கல், சுண்ணாம்புக் காரை. திறந்த சமையலறை வேண்டுமே! சுவர் போய் இரும்பு பீம் வருகிறது. உப்புக்காற்றுக்கு விருந்து.

மைத்துனர் ஒருவர், "மொத்தமா இடிச்சுட்டுக் கட்டுங்க மாமா" என்பார். கடற்கரையருகே எதைக் கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்துவிட்டது. அதைப் படித்தவர் உறவில் ஒருவரும் இல்லை.

பிறகு பூச்சு. சுண்ணாம்பு 'ஓதம் காக்குது' என்று சுரண்டப்பட்டு, சிமெண்ட் ஏறுகிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அதைச் சுவருக்குள் பத்திரப்படுத்தும். ஒன்றிரண்டு மழைக்காலம் போனால் உப்புப் பூத்து, பூச்சு செதில் செதிலாக உதிரும். பழி பெயிண்டருக்கு.

முற்றத்துக்கு பாலிகார்பனேட் கூரை. இத்தனை காலம் வெக்கையை மேலே அனுப்பிய ஒரே வழி அந்த முற்றம்தான். ஆகவே ஏசி. ஏசி போட்டால் ஜன்னலைச் சாத்தத்தானே வேண்டும்? கடலைப் பார்த்த அத்தனை ஜன்னலும் சாத்தியாகிவிட்டது. துருவேறிய வெளி யூனிட்டைப் பார்க்க அடிக்கடி மாடியேறும் மெக்கானிக் மட்டும் அந்த வீட்டில் நன்றாகக் காற்று வாங்குகிறார்.