மழையங்கி நூல்: பரபக்கமும் சுபக்கமும்

ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில், அக்டோபர் மாதக் குளிரில், செம்மான் வேட்டைக்குப் போகிறவன் எதை உடுத்துவது என்பதே இந்நூல் நுதலிய பொருள். நனையாமல் இருப்பது எப்படி என்பது வீட்டில் இருப்போருக்கு உரிய வேறு நூல். மலைக்குப் போனவன் நனைந்தே தீருவான். மழையால் நனைவதா, சொந்த வியர்வையால் நனைவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டுமே அவனுக்கு உண்டு.

குடை பிடித்தால் என்ன என்பாரும் உளர். அற்றன்று. என்னை எனின், கலைமானுக்கு மூக்கே முதற்காவல். காற்று நம் முதுகிலிருந்து அதன் பக்கம் வீசினால் சரிவே காலியாகிவிடும். ஆகவே காற்றை எதிர்த்தே அணுக வேண்டும். காற்று வரும் திசையிலிருந்துதான் மழையும் வரும்; குடையை முகத்துக்கு முன்னே பிடித்தால் மான் தெரியாது. எனவே வேட்டைக்காரன் மழையை முகத்தில் வாங்குவது தற்செயல் அன்று, சாத்திர விதி என்பது பெறப்படும். அங்கியின் முதுகுப்புற வேலைப்பாட்டைக் கடைக்காரர் புகழும்போது இதை நினைவில் கொள்க.

இனிப் பிறர் மதங்களை மறுக்கும் பரபக்கம். முதலில் ரப்பர் மதம். கிளாஸ்கோவின் சார்லஸ் மக்கின்டோஷ் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரு துணிகளுக்கு நடுவே பூசி, 1823இல் காப்புரிமை பெற்றார். அவ்வளவு மழை பெய்யும் ஊரில் அது அதுவரை தோன்றாததே வியப்பு. அந்தத் துணி நாறியது, குளிரில் விறைத்தது, வெயிலில் ஒட்டியது. கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அது மனிதர் அணியும் பொருளாயிற்று. இம்மதத்தின் குறை ஒன்றே: உள்ளே வராத நீர் வெளியேயும் போகாது. 700 மீட்டர் மலையை ஏறி முடித்தவன் உச்சியில் இட்லிப் பானைக்குள் இருந்து வந்தவன்போல் நிற்பான். அசையாமல் படகில் அமர்ந்திருப்பவனுக்கு இதைப் பரிந்துரைக்கத் தடையில்லை.

அடுத்தது மென்படல மதம். தோசைக்கல்லின் ஒட்டாப் பூச்சாக நாம் அறிந்த டெஃப்லானைச் சூடாக்கி, அமெரிக்கரான ராபர்ட் கோர் 1969இல் வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த படலமாயிற்று. நீர்த்துளி நுழைய முடியாது, நீராவி வெளியேறலாம் என்பது கொள்கை. வெளித்துணி ஊறிப்போனால் ஆவி வெளியேறும் வழியும் அடைபடும் என்பது அனுபவம்.

கடைச்சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். பத்து மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். இதைக் கண்டு மயங்குவோர், மான் வேட்டையில் பாதி நேரம் சதுப்பில் தவழ்வதே என்பதை மறக்கிறார்கள். தவழ்பவன் ஒரு முழங்கையில் பத்துக் கிலோ எடையைப் பத்துச் சதுர சென்டிமீட்டரில் ஊன்றுகிறான் எனக் கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அதுவும் சரியாகப் பத்து மீட்டர் நீர்த்தூண்தான். ஆக, வானத்தை வென்ற துணி முழங்கையிடம் தோற்கிறது. போதாக்குறைக்கு அங்கியின் நைலான் வெளித்துணி சரசரக்கும். மானுக்கு மூக்கை அடுத்து வாய்த்தது காது.

மெழுகுத் துணி மதம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கனக்கும், குளிரில் விறைக்கும், விடுதி வாசலில் எடுக்கும் படத்தில் அழகாக இருக்கும்.

இனி நம் மதத்தை நிறுவும் சுபக்கம். உடம்பின்மேல் கம்பளியே நிற்க. ட்வீட் என்னும் கம்பளித் துணி ஓசையற்றது. கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகே நனைந்ததாக ஒப்புக்கொள்ளும்; நனைந்த பின்னும் கொஞ்சம் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும். மேட்டுநில எஸ்டேட்டுகள் பல, தத்தம் மலையின் நிறத்துக்கு ஏற்பத் தனித்தனி ட்வீட் நெய்வித்தன. அரச குடும்பத்தின் பால்மோரல் எஸ்டேட்டுக்கு உரியதை வடிவமைத்தவர் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்.

கம்பளி ஊறினால் கனக்குமே, காற்றில் விறைக்க வைக்குமே எனின், உண்மை. அதனாலேயே மென்படல அங்கியும் வேண்டும் என்க. ஆனால் ஏறும்போது அது பைக்குள் இருக்கட்டும். வழிகாட்டும் ஸ்டாக்கர் “படு” என்று கையைத் தாழ்த்தி, கலைமான் எழுந்திருக்கும்வரை ஒரு மணி நேரம் காக்கவைக்கும் இடம் வருமே, அதற்குச் சற்று முன்னரே, மானின் காதுக்கு எட்டாத தொலைவில், அதை எடுத்து அணிக. விலை கொடுத்து வாங்கியதை மழையில் முதுகில் சுமந்து செல்வதா என்று மனம் குமையும். குமையட்டும்.

மணிக்கட்டுப் பட்டையை இறுக்குவது தனி அதிகாரமாக விரியத்தக்கது. பைனாகுலரைத் தூக்கியவுடன் சட்டைக்கை வாய்க்காலாகி, மழை அக்குள்வரை பாய்ந்துவிடும் என்பது மட்டும் இங்கே போதும். காற்சட்டையைப் பொறுத்தவரை, குறுக்கே ஓடும் ஓடையை வயிற்றால் கடக்கும்போது எந்த மதமும் துணைவராது. மாற்றுக் காற்சட்டை ஒன்று வண்டியில் இருக்கட்டும். வண்டிச் சாவி அந்தக் காற்சட்டைப் பையில் இருக்க வேண்டாம்.