புகார் கொடுத்தவரையே பிடிப்பது

பாஷ் கம்பெனியின் பாத்திரம் கழுவும் மெஷின் பாதியில் நின்று ‘இ24’ என்று காட்டினால், நம் வீடுகளில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: மெஷின் போச்சு. உள்ளே இட்லித் தட்டும் சாம்பார்ப் பாத்திரமும் அழுக்குத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். வெளியே குடும்பம் மொத்தமும் அதை வாங்கச் சொன்னவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும். என் கட்சி வேறு. இ24 என்பது மெஷினுக்கு வந்த வியாதியின் பெயர் அல்ல; அது மெஷின் கொடுக்கும் புகார். ‘பம்பை ஓட்டினேன், சொன்ன நேரத்துக்குள் தண்ணீர் வடியவில்லை’ என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. சைக்கிளைக் காணோம் என்று ஸ்டேஷனுக்குப் போனவரையே பெஞ்சில் உட்காரவைத்து விசாரிப்பதுபோல, புகார் சொன்ன மெஷினையே நாம் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

சந்தேகம் இருந்தால் பாஷ் மெஷினோடு வந்த கையேட்டைப் பாருங்கள். எங்காவது பிரிக்காத கவரில் புதுசாகவே இருக்கும். இ24-க்கு அது சொல்லும் காரணங்கள் இவை: கழிவுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கலாம், பம்பு மூடி சரியாக உட்காராமல் இருக்கலாம், சிங்க்குக்கு அடியில் குழாயைச் சொருகும் வாய் இன்னும் திறக்கப்படாமலே இருக்கலாம். கடைசிக் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. மாட்டிக்கொடுக்க வந்தவர் அந்த வாயிலிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை வெட்ட மறந்து, காபி குடித்துவிட்டுப் போயிருப்பார். மெஷின் தன் பலம் முழுவதையும் திரட்டி ஒரு மூடியோடு மோதிக்கொண்டிருக்கும். இ22 என்றால் வடிகட்டி அடைப்பு. இ25 என்றால் பம்பில் ஏதோ சிக்கியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, அடியிலுள்ள வடிகட்டியைத் திருகி எடுத்து, தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, பம்பு மூடியைக் கழற்றினால் விசிறி மாதிரி ஒரு சின்னச் சக்கரம் தெரியும். அதன் இடுக்கில்தான் புளியங்கொட்டையோ கறிவேப்பிலைக் காம்போ குடியிருக்கும். சில வீடுகளில் உடைந்த டம்ளரின் சில்லும் இருக்கும், அதனால் வெறும் விரலை விடவேண்டாம். அந்தச் சக்கரம் வழுக்கிச் சுற்றாது, விட்டுவிட்டுத்தான் திரும்பும். அது உள்ளே இருக்கும் காந்தத்தின் குணம். அதையும் ஒரு பழுது என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

இதைவிடப் பலமான சாட்சி இ18. தண்ணீர் உள்ளே வரவில்லை என்பது அதன் பொருள். இந்த மெஷின்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். ஆகவே குழாய்க்கு மேலே 5 மீட்டர் உயரத்தில் டேங்க் இருக்கவேண்டும். சென்னையில் ஒரு அபார்ட்மென்டின் கடைசி மாடியில் குடியிருப்பவருக்கு டேங்க் எங்கே இருக்கிறது? தலைக்கு நேர்மேலே, மொட்டை மாடியில். மூன்று மீட்டர் தேறினால் அதிகம். போதாக்குறைக்கு, தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடையில் போர் தண்ணீரின் மணல். தரைத்தளத்தில் சமர்த்தாக ஓடும் அதே மெஷின் இங்கே மணிக்கொரு தரம் இ18 என்று கத்தும். பழுதுபார்க்க வருகிறவர் மின்னணு போர்டை மாற்றுவார், வால்வை மாற்றுவார். மொட்டை மாடிக்கு மட்டும் ஏறிப் பார்க்கமாட்டார். ஒரு பிரஷர் பம்பில் தீரக்கூடிய வழக்கு, புது மெஷினில் போய் முடியும்.

இ15 கொஞ்சம் சுவாரஸ்யமானது. மெஷினின் அடித்தட்டில் ஒரு தெர்மாகோல் துண்டு இருக்கிறது. தட்டில் தண்ணீர் சேர்ந்தால் அது மிதந்து எழும்பி ஒரு சுவிட்சைத் தட்டும். உடனே கழுவும் வேலை நிற்கும். (தண்ணீர் ஆவியாகாமல் இருக்க 2017-இல் வைகை அணையில் மிதக்கவிட்டதற்குப் பிறகு, தெர்மாகோல் தண்ணீரில் மிதந்து உருப்படியான காரியம் செய்யும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.) உள்ளே ஏதாவது குழாய் நிஜமாகவே ஒழுகலாம், மறுக்கவில்லை. ஆனால் பவுடர் தீர்ந்த அன்று, கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று ஊற்றியிருந்தால் நுரை பொங்கிக் கீழே கசிந்தும் இதே எண் வரும். கசிவு நின்று தட்டு காய்ந்தால் தெர்மாகோல் இறங்கும், எண்ணும் போய்விடும். கசிந்தது நுரையா, குழாயா என்று அந்தத் துண்டுக்குத் தெரியாது.

அப்படியானால் எண்ணைக் காட்டாமல் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் தமிழிலேயே சொன்னாலும் ‘தண்ணீர் வடியவில்லை’ என்றுதான் அது சொல்லமுடியும். ஏன் என்பது அதற்கே தெரியாதே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிறதே என்பது அடுத்த கட்சி. கரண்ட் ஏறி இறங்கியதில் போர்டு குழம்பியிருந்தால் சரியாகும். மற்றபடி அழிவது போர்டின் ஞாபகம் மட்டும். புளியங்கொட்டை இருந்த இடத்தில்தான் இருக்கும். பழியெல்லாம் வீட்டுக்காரர் மேல் போட்டுக் கையேடு எழுதிக்கொடுப்பது கம்பெனிக்கு வசதிதானே என்ற மூன்றாவது ஆட்சேபத்தில் விஷயம் இருக்கிறது. வாரண்டி இருக்கும்வரை குற்றம் வீட்டுக்காரர் மேல், முடிந்த மறுநாள் போர்டின் மேல் என்பது சர்வீஸ் உலகில் பார்க்காத காட்சி அல்ல. ஆனால் குழாயையும் சல்லடையையும் முதலில் பார்த்து வைத்தவரிடம் இந்த இரண்டு பேச்சுமே எடுபடாது. அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரன் 1886-இல் காப்புரிமை வாங்கிய மெஷினில் இந்தத் தகராறு எதுவும் கிடையாது. அதைக் கையால் சுற்றவேண்டும். நின்றுபோனால், சுற்றுகிறவருக்குக் கை வலிக்கிறது என்று பொருள்.

புகார் கொடுத்தவரே குற்றவாளியாக இருக்கும் வழக்கும் உண்டு. இ09 அப்படி: தண்ணீரைச் சூடாக்கும் பாகமே போயிருக்கும். அதற்கு வீட்டிலிருக்கும் கரண்டியும் பல்குத்தும் குச்சியும் உதவாது, ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். வருகிறேன் என்றவர் இன்றைக்கே வந்துவிடுவார் என்று நம்பாமல், உள்ளே இருப்பதை எடுத்து சிங்க்கில் போட்டுக் கழுவிவிடுங்கள். ராத்திரிக்கு அந்தச் சாம்பார்ப் பாத்திரம் வேண்டியிருக்கும்.